கடல்வரி

செவ்வாய்க்கிழமை விலைச்சீட்டு மாற்றும் நாள்.
கதவு திறக்கும் முன்பே ஏணியில் ஏறி
பால்மாவு, மீன் டப்பா, சோப்புத்தூள் என்று
ஒவ்வொன்றாய்ப் பிடுங்கி ஒட்டி
கடைசியில்தான் சாராய அலமாரிக்கு வருவேன்.
மேல்தட்டில் பூர்போன்.
ஈஸ்டருக்கு இருபத்தெட்டு ஈரோ.
கரும்பு வெட்டத் தொடங்கியபோது முப்பத்தொன்று.
மழைக்கு முன்னால் முப்பத்தாறு தொண்ணூறு.
அந்தத் தொண்ணூறு மட்டும்
சீட்டில் பொடி எழுத்து.

உள்ளூர் ரம் கீழ்த்தட்டில்,
குனிந்து எடுக்கிற விலையில்.

இந்தத் தீவுக்கே ஒரு காலத்தில்
பூர்போன் என்றுதான் பெயர்.
ராஜா போனார், பெயரும் போயிற்று.
எப்படியோ அது அமெரிக்காவில் சோளத்தில் ஊறி
கருக்கிய பீப்பாயில் வருஷக்கணக்காய்க் கிடந்து
இரண்டு கடல் தாண்டித் துறைமுகத்தில் இறங்கினால்
கடல்வரி கட்டு என்கிறார்கள்.
கடல் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை.

ஒன்பது மணிக்குக் கருப்பானின் வருவார்.
கருப்பனுக்குப் பின்னால் அந்த 'இன்'
எந்தக் குமாஸ்தாவின் மூக்கடைப்போ.
சேந்த் ஆந்த்ரே ஆலையின் எடைமேடையில்
முப்பத்திரண்டு வருஷம்;
லாரி திரும்பும் சத்தத்திலேயே டன் சொல்வாராம்.
தமிழில் அவருக்குத் தெரிந்தது
கோயிலில் சொல்லும் நாலைந்து சொல்.
அதில் எதுவும் விலை கேட்க உதவாது.
"கொம்பியேன் ஸோர்தி?" என்பார்.
இன்றைக்கு எவ்வளவு?

சேன் தெனியில் மூன்று ஈரோ குறைச்சல்,
போய்வரும் பெட்ரோல் அதைத் தின்றுவிடும்.
சிலாவோஸில் நாலு ஈரோ கூட.
மலைப்பாதையில் நானூறு வளைவு,
வளைவுக்கு ஒரு சென்ட், நியாயம்தான் என்றார்.
லியோனில் மகன் வீட்டுத் தெருமுனையில்
வெறும் இருபத்திரண்டு.
பதினோரு மணி நேர விமானம்:
மணிக்கு ஒன்று முப்பத்தைந்து,
ஐந்து சென்ட் எங்கேயோ சிந்துகிறது.

நான் காரைக்கால்காரி. எனக்கு இது புதுசில்லை.
வாஞ்சூரில் ஒரு விலை,
நாலு எட்டு வைத்தால் நாகூரில் வேறு விலை,
நடுவில் ஒரு சாவடி, தூங்கும் போலீஸ்காரர்.
அதே புட்டி.
கோடு போட்டவனுக்குத்தான் காசு.

கிறிஸ்துமஸுக்கு மகன் லோயிக் வந்தான்,
கம்பளிச் சட்டைக்குள் சுற்றி ஒரு புட்டி.
இனி வரமாட்டார் என்று நினைத்தேன்.
அடுத்த செவ்வாய், ஒன்பது மணி,
"கொம்பியேன் ஸோர்தி?"
முப்பத்தேழு ஐம்பது.
சிரித்தார்.
குடிச்சாச்சா என்று கேட்டேன்.
"பைத்தியமா? அது வளருது."

டிவிக்குக் கீழே, மூடி திறக்காமல்,
என் ஏணிக்கு ஏற்ப அது வளர்ந்தது.
இந்த ஊரிலேயே விலையேற்றத்துக்கு
எனக்கு நன்றி சொன்னவர் அவர் ஒருவர்.
அரிசிப் பையை எடுத்துப் பார்த்துவிட்டு
திருப்பி வைத்துப் போகும் ழோசியான்
அவரை முறைப்பாள்.
என்னையும்தான்.

இன்றைக்குத் தலைமைக் கடையிலிருந்து
மஞ்சள் சீட்டு வந்தது.
முப்பத்தெட்டு தொண்ணூறை அடித்து
இருபத்து நாலு தொண்ணூறு. பத்து நாள்.
ஏன் ஏறியது என்று சொன்னவர் இல்லை,
ஏன் இறங்கியது என்றும் இல்லை.
பின்பக்கக் காகிதத்தை உரித்துவிட்டேன்.
வாசலில் குடையை உதறுகிறார்.

ஏணியில் ஒரு கால், தரையில் ஒரு கால்.
"கொம்பியேன் ஸோர்தி?"
மேலே கை காட்டினேன், பழைய சீட்டை.
கைகளைப் பின்னால் கட்டி
லாரி பார்ப்பதுபோல் அண்ணாந்து பார்த்தார்,
தலையை ஆட்டினார்,
நீள ரொட்டி ஒன்று வாங்கிக்கொண்டு போனார்.

கல்லாப் பெட்டிக்குப் புது விலை
விடிகாலையிலேயே தெரியும்.
அதற்கு ஏப்ரன் இல்லை, பை இல்லை,
ஒளித்து வைக்க எதுவும் இல்லை.
என் பைக்குள் மஞ்சள் சீட்டு
கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டு
வர மறுக்கிறது.